வலது இடுப்பில் வலி என்றால் கோல் இடது கையில்
உங்கள் அம்மாவுக்கு வலது இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது, கோலையும் வலது கையிலேயே ஊன்றுகிறார், மாலைக்குள் வலி கூடிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் கையை மாற்றச் சொல்லுங்கள்! கோல் இடது கையில் இருக்க வேண்டும். வலது காலோடு சேர்ந்தே அதுவும் முன்னே போக வேண்டும். வலது காலில் மட்டும் நிற்கும் நொடியில், இடுப்பு சரியாமல் பிடிக்கும் தசைகள்தான் மூட்டை அழுத்துகின்றன. எதிர்க்கையில் ஊன்றினால் அந்தப் பிடிப்பு தளர்கிறது.

வெளியே நடக்க இரண்டு கோல்கள் இன்னும் நல்லது என்பேன். உடம்பு ஒரு பக்கமாகச் சாயாது. முழங்கை லேசாக, ஏறத்தாழ 15 முதல் 30 டிகிரி வரை, மடங்கும் உயரத்தில் வையுங்கள். என் அப்பாவின் கோல் ஒருநாள் மொசைக் தரையில் வழுக்கியது. பார்த்தால் அடி ரப்பர் மழமழவென்று தேய்ந்திருந்தது. அதையும் தடவிப் பாருங்கள். படுத்திருக்கும்போதும் வலித்தால் எலும்பு மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.