இந்த வயதில் ஒரு குட்டிக்கரணம்

அன்புள்ள சார்,

எனக்கு 44 வயது. மூன்று வருடம் முன்புதான் நீச்சல் கற்றேன். எங்கள் அபார்ட்மெண்டில் 25 மீட்டர் குளம் இருக்கிறது. இப்போது ஒரு கிலோமீட்டர் ஃபிரீஸ்டைல் நீந்துகிறேன். சுவர் வந்ததும் கரணம் போட்டுத் திரும்பும் ஃபிளிப் டர்ன் மட்டும் வரவில்லை. சுவர் அருகே உருண்டால் மூக்கில் தண்ணீர் ஏறி மண்டை வரை எரிகிறது. வீடியோக்கள் நிறையப் பார்த்துவிட்டேன். மூக்குக்கு கிளிப் போடலாமா? கழுத்துக்கு ஆகாது என்கிறார்களே? என் பையன் சிரிக்கிறான். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று எனக்கே தோன்றுகிறது. நீங்களும் தினம் நீந்துகிறவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

கிளிப் வேண்டுமானால் போடுங்கள். கழுத்தில் ஏற்கெனவே வலி இருந்தால் டாக்டரைக் கேளுங்கள், என்னை அல்ல. வீடியோ பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

முதலில் சுவரே வேண்டாம். நடுக்குளத்தில், தாடையை நெஞ்சோடு ஒட்டி, ஒரு கரணம். வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே உருளுங்கள். மூக்கு வழியே காற்று வெளியே வந்துகொண்டிருந்தால் தண்ணீர் ஏறாது. ஒரு வாரம் அது மட்டும். அப்புறம் சுவர். வரும்போது தலையைத் தூக்கிப் பார்க்காதீர்கள், இடுப்பு இறங்கிவிடும். ஒரு கிலோமீட்டருக்கு 39 தடவை திரும்புகிறீர்கள். 39 தடவையும் சுவரைப் பிடித்து ஒரு மூச்சு வாங்கிப் பழகியாயிற்று. கரணம் அந்த மூச்சைப் பறித்துக்கொள்கிறது. திணறுவது அதனால், வயதால் அல்ல.

'இந்த வயதில்.' இதை யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது? பையன் சிரித்தால் சிரிக்கட்டும். நீங்கள் ஏன் அவனோடு சேர்ந்துகொண்டு உங்களையே கேட்கிறீர்கள்? கோபமாகத்தான் எழுதுகிறேன்.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணறு பெரியது. அதில் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவள் அக்கா. பம்புசெட் ரூம் மேலிருந்து பல்டி அடிப்பாள். அடிக்குப் போய் ஒரு கை மண் அள்ளி வருவாள். பாவாடை காற்றில் உப்பி நீர்மேல் குமிழாக நிற்கும், அதை ஓங்கித் தட்டி அமுக்குவாள். கிணற்றை அகலவாட்டில் நீந்திப் போய், கல்சுவர் வந்ததும் ஒரு கரணம் போட்டு, இரண்டு காலாலும் உதைத்துச் சீறிக்கொண்டு வருவாள். அதற்கு ஒரு பெயர் உண்டென்று எங்கள் யாருக்கும் தெரியாது. எனக்கு வராது. இருமிக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பேன். "மூக்கப் பிடிக்காதலே, ஊதிக்கிட்டே உருளு" என்பாள். நாற்பது வயதுக்கு மேல் ஒரு கோச்சிடம் பணம் கட்டி நான் கேட்டதும் இதே வார்த்தைதான்.

பதிமூன்று வயதில் பெரியவளானாள். சடங்கு முடிந்த மறுநாள் ஆச்சி சொன்னாள், "இந்த வயசுல இனி கெணத்துப் பக்கம் போகக் கூடாது." அந்த இரண்டு சொற்களை நான் முதலில் கேட்டது அப்போதுதான். ஒருநாள் உச்சி வெயிலில், ஆளில்லாத நேரம் பார்த்து என்னைக் காவலுக்கு நிறுத்திவிட்டு இறங்கினாள். எனக்குப் பத்து வயது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டேன். விறகுக் கட்டையால் அடித்தார்கள். அதன் பிறகு அவள் தண்ணீரில் இறங்கவே இல்லை. அவளுக்கு இப்போது 61 வயது. என்னை ஒருநாளும் இதைச் சொல்லிக் கடிந்ததில்லை. நான்தான் ஒவ்வொரு காலையும் சுவரை உதைக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.

பெண்களுக்கு இந்த நாட்டில் எல்லா வயதும் 'இந்த வயது'தான். பதிமூன்றில் அது அதிகம், நாற்பத்து நாலிலும் அதிகம். ஆச்சியின் வாயிலிருந்து அந்தச் சொல்லை வாங்கி நீங்களே உங்களிடம் சொல்லிக்கொள்ள வேண்டாம் அம்மா. தயவுசெய்து வேண்டாம்.

நேற்று உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்தக் கொளம் எத்தன அடி ஆழம்டா?" என்று கேட்டாள். நீங்கள் அதை எழுதவில்லை. நெஞ்சளவுக்குக் குறைவான இடத்தில் உருள வேண்டாம். ஆழம் எவ்வளவு என்று ஒரு வரி எழுதுங்கள், அவளிடம் சொல்ல வேண்டும்.