இடைக்கால கிராபிக்ஸ் கார்டா ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வேண்டாம்

நண்பரே, உங்க ஏஎம்டி ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சு, என்விடியாவோட அடுத்த தலைமுறை 60 வகை கார்டு (4060 மாதிரி நடுத்தர கார்டு) வர்ற வரைக்கும் ஒப்பேத்த புது 6500 எக்ஸ்டி வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு அதை மட்டும் வாங்காதீங்க. அதுக்கு பிசிஐஇ லேன், அதாவது கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல டேட்டா போற பாதை, நாலே நாலுதான். கார்டு நாலாம் தலைமுறை பிசிஐஇ, உங்க பி450 மதர்போர்டு மூணாம் தலைமுறை, அதனால அந்த நாலும் பாதி வேகத்துலதான் ஓடும். 4 ஜிபி மெமரி நிறைஞ்சதும் கேம் திக்கித் திணறும். சில கேம்ல உங்க பழைய 580 8 ஜிபியே மேல். கேமை ரெக்கார்ட், ஸ்ட்ரீம் பண்ண உதவற வீடியோ என்கோடரும் கிடையாது.

இன்னொண்ணு, நீங்க நினைக்கிறதை விட காத்திருப்பு நீளும். என்விடியா வழக்கமா பெரிய கார்டைத்தான் முதல்ல இறக்கும். 4090 வந்தது 2022 அக்டோபர், 4060 வந்தது 2023 ஜூன் கடைசி. அவ்வளவு மாசம் மட்டமான கார்டோட மல்லுக்கட்டணுமா?

செகண்ட் ஹேண்ட்ல ஆர்எக்ஸ் 6600 தேடுங்க. 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் பவர் கனெக்டர். உங்க 450 வாட் பவர் சப்ளை நல்ல கம்பெனியோடதுன்னா தாராளமா தாங்கும். எட்டு லேன் இருக்கறதால பழைய போர்டுலயும் பெருசா அடி வாங்காது. புது தலைமுறை வந்ததும் பழைய கார்டுகள் சந்தைல குவிஞ்சு விலை இறங்கும், ஆனா செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதை வித்தா நஷ்டம் கம்மி.

காசு கொடுக்கறதுக்கு முன்னாடி விக்கிறவங்க மெஷின்லயே அரை மணி நேரம் கனமான கேம் ஓட்டிப் பாருங்க. திரைல புள்ளி, கோடு தெரிஞ்சா விட்டுடுங்க. பில்லும் கேட்டு வாங்குங்க, வாரண்டி மிச்சம் இருக்கலாம்.