ஆமன்ட் ஐசிங்கில் ஆமன்ட் இருக்கிறதா?

கேள்வி: ஹட்டனில் வீட்டிலிருந்தே கேக் ஓடர் செய்து கொடுக்கிறேன். புதிதாகக் கிடைத்த செய்முறை ஒன்றில் ஆமன்ட் ஃப்ளேக்ஸ், ஆமன்ட் எசன்ஸ், ஆமன்ட் ஐசிங் மூன்றும் வருகின்றன. டவுனில் ஃப்ளேக்ஸ் கேட்டால் கோர்ன் ஃப்ளேக்ஸை எடுத்து நீட்டுகிறார்கள். வீட்டிலேயே செய்ய முடியுமா? இன்னொன்று: ஓடர் தந்தவரின் பிள்ளைக்குப் பாதாம் ஒத்துக்கொள்ளாதாம். ஃப்ளேக்ஸை மட்டும் விட்டுவிட்டால் போதுமா?

பதில்: இரண்டாவது கேள்விதான் அவசரமானது, அதற்கு முதலில் வருகிறேன். போதாது.

எசன்ஸின் வாசனைக்குக் காரணம் பென்சால்டிஹைட் என்ற பொருள். கசப்புப் பாதாமிலும், பீச், ஏப்ரிகொட் கொட்டைகளின் பருப்பிலும் அதே வாசம்தான். தொழிற்சாலையில் தனியாகவும் அதைத் தயாரிக்கிறார்கள். அதனால் ஒரு போத்தலில் பாதாம் துளியும் இருக்காது, இன்னொன்றில் இருக்கும். லேபிளைப் படிக்காமல் சொல்ல வழியில்லை.

ஐசிங் கதை வேறு. நம் நாட்டில் ஆமன்ட் ஐசிங் என்று ரிச் கேக்கின் மேல் பூசுவது பெரும்பாலும் கஜுவை அரைத்து, சீனியும் எசன்ஸும் சேர்த்துப் பிசைந்ததுதான். பாதாம் விற்கிற விலைக்கு அதில் தப்பில்லை, ருசியும் ஒன்றும் குறையாது. ஆனால் பாதாம் ஆகாத பிள்ளைகளில் சிலருக்குக் கஜுவும் ஆகாது. ரிச் கேக்கின் உள்ளேயும் கஜு போடுகிறோமே! எந்தெந்தப் பருப்பைத் தவிர்க்கும்படி டாக்டர் சொன்னார் என்று தாயாரிடமே கேட்டுவிடுங்கள். ஒரே கிரைண்டர், ஒரே பலகையில் எல்லாப் பருப்பும் புழங்கும் அடுக்களை என்றால் அந்த ஓடரை எடுக்காதீர்கள் என்பேன்.

சரி, ஃப்ளேக்ஸ். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. கோர்ன், ஓட்ஸ் எல்லாம் உருளையில் நசுக்கியவை, மிளகாய் ஃப்ளேக்ஸ் இடித்தது. பாதாமில் மட்டும் அது பாக்குச் சீவல் மாதிரி மெல்லிசாகச் சீவியது. கேக் சாமான் விற்கும் கடையில் 'சீவின பாதாம்' என்றே கேளுங்கள்.

வீட்டிலும் செய்யலாம். தோலோடு இருக்கும் பாதாமைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போடச் சொல்வார்கள். நம் பக்கத்தில் அது போதாமல் போகலாம். நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ஹட்டன் அதைவிடத் தாழ்வு என்றாலும் நூறைத் தொடாது. ஒன்றரை நிமிடம் விட்டு, ஒன்றை எடுத்து நுனியில் அழுத்துங்கள். பருப்பு தோலை விட்டு வழுக்கி வெளியே வந்தால் பதம் சரி. ஈரம் காயுமுன் கூரான கத்தியால் நீளவாக்கில் சீவ வேண்டும், காய்ந்தால் நொறுங்கும். பிறகு 150 பாகை ஓவனில் ஐந்தாறு நிமிடம். ஓரம் லேசாகச் சிவந்ததும் வேறு தட்டில் கொட்டிவிடுங்கள். சூட்டுத் தட்டிலேயே விட்டால் கருகும்.

மூடுபனி இறங்கும் நாளில் திறந்து வைத்தால் சீக்கிரம் நமத்துவிடும். இறுக்கமான டின்னில் போட்டு வைத்து, கேக்கைக் கொடுக்கும் முன்புதான் மேலே தூவ வேண்டும். நமத்துப் போனால் மறுபடி மூன்று நிமிடம் ஓவனில் காட்டினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.

கீழ்நாட்டுக் கொட்டம்பாவையும் ஆங்கிலத்தில் இந்திய ஆமன்ட் என்பதுண்டு. பாதாமுக்கு அது சொந்தமில்லை. பருப்பைச் சாப்பிடலாம், ஆனால் உடைத்து எடுப்பதற்குள் பொழுது போய்விடும், சீவவும் வராது. பாதாம் கிடைக்காவிட்டால் கஜுவையே நீளமாக நறுக்கி வறுத்துத் தூவுங்கள், வாங்குபவரிடம் கஜு என்று சொல்லிவிட்டு.