கடைசி ஹாரி பாட்டர் புத்தகத்தில் எல்டர் மந்திரக்கோல் வில்லன் வால்டமோர்ட்டுக்கு ஏன் பணியவில்லை?

2007-இல் வந்த ஏழாவது புத்தகத்தில் பலரும் தடுமாறும் இடம் இது. எல்டர் மந்திரக்கோல் என்பது அந்தக் கதை உலகிலேயே மிக வலிமையான கோல். ஆனால் கையில் இருந்தால் மட்டும் போதாது. முந்தைய உரிமையாளரைத் தோற்கடித்தவருக்குத்தான் அது விசுவாசமாக இருக்கும்.

வளர்ப்பு நாயை நினைத்துக்கொள்ளுங்கள். சங்கிலி யார் கையில் இருந்தாலும் அது வாலாட்டுவது எஜமானருக்குத்தான்.

கோலை முன்பு வைத்திருந்தவர் ஹாரியின் பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர். அவரது கல்லறையை உடைத்து வால்டமோர்ட் எடுத்தது வெறும் சங்கிலி. ஆறாவது புத்தகத்திலேயே, கோபுர உச்சியில், ஹாரியின் சக மாணவன் டிரேகோ மால்ஃபாய் டம்பிள்டோரின் கையிலிருந்து கோலைப் பறக்கவிட்டுவிட்டான். அந்த நொடியே விசுவாசம் அவனிடம் போய்விட்டது. அவனுக்கே அது தெரியாது. அப்புறம் மால்ஃபாய் மாளிகையில் டிரேகோவின் சொந்தக் கோலை ஹாரி பிடுங்குகிறான். எல்டர் கோல் அந்த அறையிலேயே இல்லை, ஆனாலும் கட்சி மாறிவிடுகிறது. (கதைக்கு வசதியாகக் கொஞ்சம் வளைத்த விதி என்றுதான் எனக்குத் தோன்றும்.)

பழைய எஜமானரைக் கொன்றால்தான் கோல் கைமாறும் என்று பலர் நினைக்கிறார்கள். வால்டமோர்ட்டும் அப்படி நம்பித்தான், டம்பிள்டோரைக் கொன்ற ஆசிரியர் ஸ்னேப்பைக் கொன்றான். உண்மையில் எதிராளியின் கையிலிருந்து கோலைத் தட்டிவிட்டாலே போதும்.