கல்மரச் சாவடிக்குச் சிமென்ட் பூசலாமா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் சாலையோரமாக எங்கள் பாட்டையா கட்டிய சின்னச் சாவடி ஒன்று இருக்கிறது. சுவர் செம்புராங்கல். சாலையைப் பார்த்த முகப்பில் மட்டும், அரியலூர்ப் பக்கமிருந்து வண்டியில் கொண்டுவந்த கல்மரத் துண்டுகளும் சிப்பி பதிந்த கற்களும் பதித்திருக்கிறார். சில வருடங்களுக்கு முன் அடிச்சுவரில் இரண்டடி உயரத்துக்குச் சிமென்ட் பூசினோம். இப்போது அதற்கு மேலே சிப்பிக்கல் மாவாக உதிர்கிறது. முகப்பு முழுக்கச் சிமென்ட் பூசி, தெரிகிற கல்லுக்கு வார்னிஷ் அடித்துவிடலாம் என்கிறார் காண்ட்ராக்டர். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்ய வேண்டாம். உதிர்வது எங்கே என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: சிமென்ட் பட்டைக்கு மேலே. சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். முன்பு அந்த ஈரம் அடிச்சுவரின் வழியாகவே காய்ந்து போயிருக்கும். இப்போது சிமென்ட் வழியை அடைத்துவிட்டதால் இரண்டடி ஏறி, அதற்கு மேலிருக்கும் கல்லின் வழியாக வெளியேறுகிறது. ஈரத்தோடு வரும் உப்பு கல்லின் நுண்துளைகளில் படிகமாகிப் பருத்து, கல்லை உள்ளிருந்து உடைக்கிறது. சிமென்ட்டை இன்னும் மேலே ஏற்றினால் உதிர்வதும் மேலே ஏறும், அவ்வளவுதான். வார்னிஷும் இதே கெடுதலைத்தான் செய்யும்.

உங்கள் முகப்பில் இருப்பவை இரண்டு வேறு கற்கள். கல்மரம் என்பது மண்ணில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா இறங்கி, இழைக்கு இழை கல்லானது. பேனாக்கத்தியால் கீறினாலும் கோடு விழாது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு முழு மரமே இப்படிக் கிடக்கிறது. வயது சுமார் 12 கோடி ஆண்டு. சிப்பிக்கல் அப்படியல்ல. அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் கடலடியில் இருந்த காலத்தில் சிப்பியும் நத்தையும் சேர்ந்து இறுகிய சுண்ணாம்புக்கல் அது. உதிர்ந்து விழுந்த சில்லு ஒன்றில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். அதனால்தான் கல்மரம் தாக்குப்பிடிக்க, சிப்பிக்கல் மட்டும் உதிர்கிறது. அதனால்தான் டைல்ஸ் கழுவும் ஆசிட்டை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பாசிக்கு வெறும் தண்ணீரும் தும்புப் பிரஷும் போதும்.

முதல் வேலை சுவரில் இல்லை, சாலையில் இருக்கிறது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை சில அங்குலம் உயரும். பழைய சாவடிகள் பலவற்றின் திண்ணை இன்று சாலைக்குக் கீழே போய்விட்டது. உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள், தண்ணீர் சுவரோரம் தேங்கும். சுவரிலிருந்து ஓரடி தள்ளி, அஸ்திவாரத்தைத் தொடாமல் ஓரடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, சரிவு கொடுத்து, ஜல்லி நிரப்புங்கள். சாலையோர நிலம் பெரும்பாலும் அரசுடையது என்பதால் நெடுஞ்சாலைத் துறையிடம் அனுமதி கேட்டுவிடுங்கள். சுவரை ஒட்டிக் கான்கிரீட் தளம் மட்டும் போடாதீர்கள். அது தரை ஈரத்தையும் சுவருக்குள் தள்ளும்.

உங்கள் சாவடியைப் போலவே சாலையை நம்பிக் கட்டிய ஒரு வீட்டின் கதை இது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கோமோ பிளஃப் என்ற இடத்தில், தாமஸ் பாய்லன் என்பவர் 1930களின் தொடக்கத்தில் கல்லாகிப்போன டைனோசர் எலும்புகளாலேயே ஒரு சின்ன வீடு கட்டினார். மொத்தம் 5,796 எலும்புகள். பக்கத்தில் இருந்த தன் பெட்ரோல் பங்குக்கு ஆட்களை இழுக்கத்தான் கட்டினார். 1970இல் புதிய நெடுஞ்சாலை வேறு பக்கமாகப் போனதும் அங்கே வண்டிகள் குறைந்துவிட்டன. சாலை விலகிப் போனதால் அந்த வீடு தளர்ந்தது. உங்கள் சாவடிக்குச் சாலை நெருங்கி வருவதுதான் ஆபத்து.

சரி, தண்ணீர் விலகியபின் பழைய சிமென்ட்டை எடுக்கலாம். சின்ன உளி, கைச்சுத்தியல் போதும். பிரேக்கர் மெஷின் வேண்டவே வேண்டாம். எங்காவது சிமென்ட்டோடு கல்லும் பெயர்ந்து வருமானால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். வெள்ளையாகப் பூக்கும் உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். விடாப்பிடியாக இருந்தால் அச்சடிக்காத வெள்ளைத் தாளை நல்ல தண்ணீரில் கூழாக்கி அப்பி, காய்ந்தபின் உரித்தெடுங்கள். உப்பு கூழோடு வந்துவிடும்.

பூச்சுக்கு அவசரப்படாதீர்கள். ஒரு மழைக்காலம் முழுக்கச் சுவரை அப்படியே விட்டு, தை பிறந்தபின் தொடங்குங்கள். உங்கள் ஊரிலேயே சுண்ணாம்புக் காரை வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டுச் சுவரைக் கண்ணாடி போல இழைக்கும் முட்டைப் பூச்சு இங்கே தேவையில்லை. நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்று மணல் மூன்று பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் கொஞ்சம். இதைக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சந்துகளில் மட்டும் திணியுங்கள், கல்லின் முகத்தை மூட வேண்டாம். ஈரச் சாக்கு தொங்கவிட்டு இரண்டு வாரமாவது காயவிடாமல் வைத்திருங்கள். காய்ந்தபின் கல்லைவிடச் சாந்து மென்மையாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஈரம் சாந்து வழியாகப் போகும், தேய்ந்தாலும் சாந்துதான் தேயும். சாந்தைத் திரும்ப அடைக்கலாம், பல கோடி வருடச் சிப்பியை அடைக்க முடியுமா?

விழுந்துபோன கல்லுக்குப் பதில் புதிது தேடி அரியலூருக்கோ விழுப்புரம் மாவட்டத் திருவக்கரைக்கோ போகாதீர்கள். சாத்தனூர் மரமும் திருவக்கரைக் கல்மரங்களும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்கள், அங்கிருந்து ஒரு துண்டும் எடுக்கக் கூடாது. வெற்றிடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பினால் போதும். பார்க்கிறவர்களுக்கு அது ஒட்டு என்று தெரிவதே நல்லது.

கொத்தனார் வருவதற்கு முன் முகப்பு முழுவதையும் நேர் எதிரில் நின்று படமெடுத்து, படத்திலேயே ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு வையுங்கள். நாளைக்குச் சாலையை அகலப்படுத்த அளவெடுக்க வந்தால், கற்களை வரிசை மாறாமல் பிரித்து இருபதடி உள்ளே தள்ளிக் கட்ட அந்தப் படம்தான் கைகொடுக்கும்.