மானநஷ்ட வழக்கில் எவ்வளவு கேட்கலாம்?

ஐயா,

2008-ல் டைம்ஸ் நவ் சேனல் ஒரு மோசடிச் செய்தியில் ஓய்வுபெற்ற நீதிபதி பி.பி. சாவந்தின் படத்தைத் தவறுதலாக 15 நொடி காட்டியது. அதற்கு 100 கோடி ரூபாய் தீர்ப்பானது. என் மாமா கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்தவர். அவர் பணம் கையாடியதாக ஒரு நாளிதழ் மாவட்டப் பதிப்பில் படத்தோடு போட்டுவிட்டது. ஏழு மாதம் ஆகிறது. 1 கோடி கேட்கலாமா? நீதிபதி எதை வைத்துத் தொகையை முடிவு செய்வார்?

ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த 100 கோடியை அளவுகோலாக வைக்காதீர்கள். 2011-ல் புனே நீதிமன்றம் வாதி கேட்டதை அப்படியே கொடுத்தது. மேல்முறையீட்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் 20 கோடி டெபாசிட், 80 கோடிக்கு வங்கி உத்தரவாதம் கேட்டது தீர்ப்பை நிறுத்திவைக்க விதித்த நிபந்தனை. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்ததும் அந்த நிபந்தனையில்தான். தொகை சரியா என்ற கேள்விக்குள் அது போகவில்லை.

தொகையை எடைபோடும் விதத்தை பிரிட்டிஷ் பாடகர் எல்டன் ஜானின் வழக்கில் பாருங்கள். ஒரு விருந்தில் அவர் உணவை மென்று துப்பியதாக 'சண்டே மிரர்' பத்திரிகை எழுதியது. அவர் அந்த விருந்துக்கே போகவில்லை. ஜூரி 75,000 பவுண்டு இழப்பீடும், தண்டனையாக 2,75,000 பவுண்டும் கொடுத்தது. 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றை 25,000, 50,000 எனக் குறைத்தது. செய்தி பொய்தான்; ஆனால் அவருடைய நேர்மையையோ கலைஞர் என்ற பெயரையோ அது தொடவில்லை என்றது. உங்கள் மாமா விஷயம் நேர்மாறு. கையாடல் என்றால் நாணயத்திலேயே கை வைத்தாகிவிட்டது. அதுதான் உங்கள் பலம்.

அடுத்து, எத்தனை பேர் படித்தார்கள், அவரை அறிந்தவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அவர் வாழும் மாவட்டத்துப் பதிப்பு என்பதால் விற்பனை குறைவாக இருந்தாலும் அடி பலம். மறுப்பை எந்தப் பக்கத்தில், எத்தனை நாள் கழித்து, எந்த அளவில் போட்டார்கள் என்பதும் கணக்கு. செய்தி உண்மைதான் என்று நாளிதழ் கோர்ட்டில் சாதித்துவிட்டு நிரூபிக்க முடியாமல் போனால் தொகை ஏறும். உடனே மன்னிப்பு கேட்டிருந்தால் இறங்கும்.

செய்தித் துணுக்கைக் கத்தரித்து வைத்திருந்தால் போதாது. முழு நாளிதழ் வேண்டும். எந்தப் பக்கம், எந்தப் பதிப்பு, எவ்வளவு பெரிய தலைப்பு என்பது அதில்தான் தெரியும். இணையப் பிரதிக்கு 2023 சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் (மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்கத் தேவையான சான்று) சேர வேண்டும். ஒப்பந்தமோ வேலையோ கைநழுவியிருந்தால் அந்த நஷ்டத்தைப் பிராதிலேயே (வழக்கு மனுவிலேயே) தனியாகச் சொல்லி, கடிதம், வருமான வரிக் கணக்கு கொண்டு நிரூபிக்க வேண்டும். பொதுவான மானநஷ்டத்துக்கு அப்படி ரசீது தேவையில்லை.

பெரும்பாலும் வழக்கு சறுக்குவது சாட்சிக் கூண்டில். சொந்தக்காரரை ஏற்றுவார்கள். "செய்தியைப் படித்தபின் இவர்மேல் உங்கள் மதிப்பு குறைந்ததா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். "சேச்சே, தங்கமான மனுஷன்!" என்று பதில் வரும். பாசத்தில் சொன்னதுதான், ஆனால் பெயர் கெடவில்லை என்று நம் சாட்சியே சொன்னதாகிவிடும். படித்துவிட்டுக் கடனை நிறுத்திய வியாபாரி, விலகிப்போன சங்க உறுப்பினர் போன்ற வெளியாட்கள் வேண்டும்.

1 கோடி கேட்டால் தமிழ்நாட்டில் 3 சதவீதக் கட்டணம், அதாவது 3 லட்சம், முதலிலேயே கட்ட வேண்டும். 10 லட்சத்துக்கு 30,000. கேட்டதற்கு மேல் கோர்ட் கொடுக்காதுதான். அதற்காகக் கோடியில் கேட்பது வீண். என் கணிப்பில் 10 லட்சத்தை ஒட்டிக் கேட்பதே விவேகம்.

எல்லாவற்றையும்விட அவசரம் காலவரம்பு. கிரிமினல் புகாருக்கு 3 வருடம் உண்டு என்று பலர் அதை நம்பி உட்கார்ந்துவிடுகிறார்கள். நஷ்ட ஈட்டு வழக்குக்குச் செய்தி வெளியான நாளிலிருந்து ஒரே வருடம்தான். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் அது நீளாது. உங்களுக்கு மீதி ஐந்து மாதம்.