கடை, குடோன், கட்டடம்: வாசகர் கேள்விகளும் என்ஜினீயர் பதில்களும்

கேள்வி: சின்னதாக ஒரு அச்சகம் நடத்துகிறேன். அலுவலகங்களுக்காகக் கட்டிய பழைய கட்டடம் ஒன்றில் இரண்டாவது மாடி வாடகைக்கு வருகிறது. மெஷின்களைக் கீழேயே வைத்துக்கொண்டு, மேலே காகித ஸ்டாக் மட்டும் வைக்கலாம் என்று நினைக்கிறேன். “மெஷின் ஏற்றினால்தானே பயம், வெறும் காகிதம்தானே” என்கிறார் உரிமையாளர். நம்பலாமா?

பதில்: தயவுசெய்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். இங்கே ஆபத்தே அந்தக் காகிதம்தான். நீங்கள் தினமும் புழங்குகிற ஏ4 தாளையே எடுத்துக்கொள்வோம். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளில் 500 கொண்ட ஒரு ரீம் 2.5 கிலோ வரும், ஐந்து ரீம் போட்ட அட்டைப்பெட்டி 12.5 கிலோ. ஒரு சதுர மீட்டர் தரையில் அந்தப் பெட்டிகள் சுமார் பதினைந்து உட்காரும். ஆறு அடுக்கு அடுக்கினால் ஒன்றரை மீட்டர் உயரம்தான், ஆள் உயரம்கூட இல்லை, ஆனால் 90 பெட்டி, 1,100 கிலோவுக்கு மேல் ஆகிவிட்டது. அலுவலகத்துக்கென்று வடிவமைத்த தளமோ பொதுவாக சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கிலோ வரை தாங்கும் கணக்கில் போடப்பட்டிருக்கும். வித்தியாசம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

இன்னொன்று, ஆட்கள் வருவார்கள் போவார்கள், காகிதம் மாதக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும். அப்படி நிற்கிற பாரத்துக்கு கான்கிரீட் மெல்ல மெல்ல வளைந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். பீம் இல்லாமல் தூண்கள் மேலேயே சிலாப் (கான்கிரீட் தளம்) உட்கார்ந்திருக்கும் கட்டடமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் தூணைச் சுற்றி சிலாப் அறுந்து இறங்குவது பெரிதாக எச்சரிக்கை கொடுத்துவிட்டு நடப்பதில்லை.

2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் இடிந்து விழுந்த ராணா பிளாசா, கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமாகக் கட்டப்பட்டது. மேலே கூடுதல் மாடிகள் எழுப்பி, ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளை வைத்து, கனமான ஜெனரேட்டர்களையும் ஏற்றினார்கள். முந்தைய நாளே சுவர்களில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த கடைகளும் வங்கியும் மூடிவிட்டன, தையல் தொழிலாளர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். 1,100 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒரு கட்டடத்தின் பயன்பாடு மாறும்போது அதன் பாரக் கணக்கையும் யாராவது திரும்பப் போட்டே ஆக வேண்டும்.

உரிமையாளரிடம் ஸ்ட்ரக்சுரல் வரைபடம் கேளுங்கள். எந்தத் தளம் எவ்வளவு பாரத்துக்கு வடிவமைக்கப்பட்டது என்பது அதில் இருக்க வேண்டும். வரைபடம் இல்லையென்றால், ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் கம்பி இருப்பை ஸ்கேன் செய்து, கான்கிரீட்டில் கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துச் சோதித்து, எழுத்தில் ஓர் எண் தரட்டும். அந்த எண் வாடகை ஒப்பந்தத்திலும் ஏற வேண்டும். செலவுதான், ஆனால் அந்த மாடிக்குக் கீழே வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், மெஷினும் காகிதமும் தரைத்தளத்திலேயே இருக்கட்டும், கணக்கு எழுதுகிற மேசைகளை மேலே கொண்டுபோங்கள். தரைக்கு அடியில் பேஸ்மென்ட் இருக்கக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் தரைத்தளமும் மண்மேல் இல்லாமல் ஒரு சிலாப் மேல்தான் நிற்கும்.

கேள்வி: சொந்த இடத்தில் ஷோரூம் கட்டப்போகிறோம். மூன்று கொட்டேஷன் வாங்கினோம், மூன்றுமே “சதுர அடிக்கு இவ்வளவு” என்று ஒரே பக்கத்தில். ஒருவர் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் கேட்கிறார். அவருக்கே கொடுத்துவிடலாமா?

பதில்: யாருக்கும் கொடுக்காதீர்கள், இப்போதைக்கு. உங்கள் கையில் இருப்பது மூன்று வேறு வேறு கட்டடங்களுக்கான விலை. ஒருவர் அஸ்திவாரம் ஒரு ஆழம் என்று மனதில் வைத்திருப்பார், இன்னொருவர் வேறு. தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர் இணைப்பு, மின் இணைப்பு, சுற்றுச்சுவர், தீயணைப்பு ஏற்பாடு இதெல்லாம் சேர்த்தியா இல்லையா என்பது அந்த ஒரு பக்கத்தில் இருக்காது. குறைத்துக் கேட்டவர் மோசமானவர் என்று சொல்லவில்லை, அவர் எதை விட்டிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

முதலில் மண் பரிசோதனை. அப்புறம் ஆர்க்கிடெக்டிடம் சொல்லி, வேலை வாரியாக அளவோடு ஒரு பட்டியல் தயாரிக்கச் செய்யுங்கள்: தோண்டுவது இத்தனை கன மீட்டர், இன்ன கிரேடு கான்கிரீட் இத்தனை, கம்பி இத்தனை கிலோ என்று. அதே பட்டியலை மூவருக்கும் கொடுத்து ஒவ்வொரு வரிக்கும் விலை போடச் சொல்லுங்கள். விலை எங்கே குறைகிறது என்பது அப்போது தானாகத் தெரிந்துவிடும், பாதி நேரம் அந்தக் குறைந்த கொட்டேஷன் ஏறிவிடும்.

கம்பியைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்கிறேன், அதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 12 மில்லி கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ இருக்க வேண்டும், அதாவது 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.66 கிலோ. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் எந்தக் கம்பிக்கும் மீட்டர் எடை வந்துவிடும். லாரி வந்ததும் ஒரு கம்பியை எடை போட்டுப் பாருங்கள். லேசாக முன்பின் இருக்கும், அது சகஜம். கணிசமாகக் குறைந்தால் இறக்கவே விடாதீர்கள். கான்கிரீட்டுக்குள் போன பிறகு அதைப் பார்க்க முடியாது.

பணத்தை வேலை முடிகிற கட்டங்களை ஒட்டிக் கொடுங்கள். ஒவ்வொரு பில்லிலும் 5 முதல் 10 சதவீதம் பிடித்து வைப்பது உலக வழக்கம், காண்ட்ராக்டர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். அதில் பாதியைக் கட்டடத்தை ஒப்படைக்கும்போதும், மீதியைக் குறைகளைச் சரிசெய்யும் காலம் முடிந்த பிறகும் கொடுப்பார்கள், அந்தக் காலம் பெரும்பாலும் ஒரு வருடம். இடையில் “இந்தச் சுவரை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்” என்று வாயால் சொல்லும் பழக்கம் மட்டும் வேண்டாம். மாற்றம், அதற்கான விலை, அதனால் கூடும் நாட்கள், மூன்றும் எழுத்தில் வந்த பிறகுதான் கொத்தனார் கரண்டியைத் தொட வேண்டும்.

கேள்வி: மேல்தளம் போட்டு ஆறு நாள் ஆகிறது. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டோம். முட்டுகளை எடுத்துவிட்டு உள்ளே தரை வேலையைத் தொடங்கலாம் என்கிறார் காண்ட்ராக்டர். எடுக்கலாமா?

பதில்: கூடாது. சிலாப்பை வடிவமைத்த என்ஜினீயர் எழுதிக் கொடுத்த பிறகுதான் முட்டில் கை வைக்க வேண்டும், காண்ட்ராக்டர் தனியாக எடுக்கிற முடிவு இல்லை அது. கான்கிரீட்டின் பலத்தை 28 நாளில்தான் கணக்கிடுகிறோம். 7 நாளில் அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வந்திருக்கும், அதுவும் விடாமல் ஈரம் காத்திருந்தால், ரொம்பக் குளிர் இல்லாமல் இருந்தால். கான்கிரீட் போட்ட அன்று அதே கலவையில் 150 மில்லிமீட்டர் சோதனைக் கனசதுரங்கள் எடுத்து வைத்தார்களா என்று கேளுங்கள், அவற்றை நசுக்கிப் பார்த்த முடிவை என்ஜினீயரிடம் காட்டுங்கள். தூண்களுக்கு இடையே தூரம் அதிகமென்றால் முட்டு இன்னும் நாள் நிற்க வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கும் அப்படியே. அதுவரை புது சிலாப் மேல் செங்கல்லையோ மணலையோ குவிக்க விடாதீர்கள்.

தரை வேலையிலும் அவசரம் காட்டாதீர்கள். வினைல், மரத் தரை மாதிரி ஒட்டுகிறவற்றுக்கு, கான்கிரீட் தடிமனில் ஒவ்வொரு 25 மில்லிமீட்டரும் காய ஒரு மாதம் என்பது துறையில் எல்லோரும் சொல்கிற தோராயக் கணக்கு. ஒட்டுவதற்கு முன் ஈரத்தை அளந்தே ஆக வேண்டும். விழாவைத் தள்ளி வையுங்கள், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: 1,000 சதுர அடி என்று சொன்ன அலுவலகம் உள்ளே போய்ப் பார்த்தால் சின்னதாகத் தெரிகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. சுவர் தடிமன், படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா இவற்றில் உங்கள் பங்கையும் சேர்த்து 1,000 சொல்லியிருப்பார்கள். சுவருக்குச் சுவர் உள்ளே அளந்தால் வருவதுதான் கார்பெட் ஏரியா, உங்கள் மேசை போட உதவுவது அதுதான். வாடகையையும் பராமரிப்புக் கட்டணத்தையும் கூட்டி, அந்த உள் அளவால் வகுத்து, அந்த விலையை வைத்து மற்ற இடங்களோடு ஒப்பிடுங்கள். ஒப்பந்தத்துக்கு முன் இருதரப்பும் சேர்ந்து டேப் பிடித்து அளந்து, வரைபடத்தில் கையெழுத்துப் போட்டு இணைத்துவிடுங்கள். பின்னால் வாடகை உயரும்போது அதே பரப்பை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள்.